ஒரே அளவுத் தோள்

தம்பிக்கு,

வரப்புத் தகராறுக்குப் பிறகு உன்னோடு பேசாதிருந்த நான் இதை எழுதக் காரணம் ஒரு கோட்டு.

தன் கல்யாண ரிசப்ஷனில் அப்பாவும் கோட்டு போட வேண்டும் என்று மகள் வேல்விழிக்குப் பிடிவாதம். விருத்தாசலம் கடைவீதி முழுக்க ஏறி இறங்கினேன். தோள் நுழைந்த கோட்டில் கையைத் தூக்க முடியவில்லை. கடைசியில் தையல்காரர் திருமாலிடம் போனேன். அவர் அளவே எடுக்காமல், தைத்து வைத்திருந்த கருநீலக் கோட்டு ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார். அப்படியே பொருந்தியது.

"ஒங்க தம்பி போன மாசமே வந்து அவரு அளவக் குடுத்துட்டுப் போனாருங்க சார். 'அண்ணனுக்கு ரெடிமேடு ஏறாது, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தோளு. தோள்ல பேடு மட்டும் வெச்சிடாத, சாமி தூக்க வந்தவரு மாரி இருப்பாரு'ன்னாரு."

சிரித்துவிட்டு, "கல்யாணத்துக்கு அவரு எப்ப வராருங்க?" என்று கேட்டார். திட்டக்குடியில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு, உன் வாசலை மட்டும் தாண்டி வந்தவன் நான்.

வரப்பு விஷயத்தில் நியாயம் என் பக்கம்தான் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடைக் கண்ணாடியில் என் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டோடு வருகிறேன். எவ்வளவு வெயிலானாலும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். பார்த்துச் சிரித்துக்கொள். கதவை மட்டும் சாத்திவிடாதே.

உன் அண்ணன்