விளங்கவில்லை என்று சொல்ல ஒருத்தி

சாம்பல்தீவு,
திருகோணமலை.
மார்கழி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் யதுஷா எழுதுகிறேன். என் எழுத்தைக் கண்டதும் பயந்துவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. குணரத்தினம் மாமா லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறார். உங்கள் அறைக்கே வந்து கையில் தருவதாகச் சொன்னார். அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டுகிறார், நான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் எடுத்தால் போன் அம்மாவிடமிருந்து நிரோஜினிக்குப் போய்க் கடைசியில்தான் என்னிடம் வரும். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "எப்பிடியம்மா இருக்கிறாய்" என்று நீங்கள் கேட்டால் "ஓம் அப்பா" என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. அதற்கு நிரோஜினி ஒரு கிழமைக்கு என்னைப் பகிடி பண்ணுவாள்.

இங்கே விடாத மழை. நீங்கள் போட்டுவிட்டுப் போன குசினித் தகரம் ஒழுகவில்லை. நிலாவெளிச் சாப்பாட்டுக் கடைக்கு நானும் அம்மாவும் இப்போதும் பின்னேரத்தில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறோம். நான் பிழிவேன், அம்மா அடுப்பைப் பார்ப்பார்.

நிரோஜினிக்கு மாசியில் ஓ.எல். பரீட்சை. அது உங்களுக்குத் தெரியும். அவள் எப்படிப் படிக்கிறாள் என்பது தெரியாது. அதைத்தான் எழுத வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், படித்த பாடத்தை எப்படி மீட்டல் செய்வது என்று ஒரு கருத்தரங்கு வைத்தார்களாம். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரித்தான் இருக்கும், அது தெரிந்ததாகாது என்று வந்தவர் சொல்லியிருக்கிறார். படித்ததை, அந்தப் பாடம் ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அவருக்கு விளங்கினால்தான் உங்களுக்கு விளங்கியிருக்கிறது என்றாராம். நிரோஜினி வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வைத்தாள். குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒண்டும் தெரியாத ஆள் எங்கட வீட்டிலயே இருக்கு!" என்றாள். அம்மா அகப்பையை ஓங்கினார். எனக்கு அது சுடவில்லை. கொஞ்சம் சுட்டது.

அன்றிலிருந்து அவள் குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளங்கப்படுத்துகிறாள். முதல் நாள் மிதத்தல். பாரமான பொருள் தாழும், பாரமில்லாதது மிதக்கும் என்றாள். அப்படியென்றால் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் எவ்வளவு பாரம், அது மிதக்கிறதே, இந்த இடியப்ப உரலைப் போட்டால் தாழுமே என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன் அப்பா. அவள் புத்தகத்தைப் புரட்டி, கப்பல் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரைப் பற்றி வாசித்து, திரும்பவும் எனக்குச் சொன்னாள். அன்று அவளுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அவளுடைய வகுப்பில் படிக்கும் தயாளினியும் இப்போது சில நாள் வருகிறாள். அவளுக்கு வரலாறு பிடிக்காது. என்னிடம் சொன்ன பிறகு பிடிக்கிறதாம். நான் ஒன்றும் செய்யவில்லை. தட்டுகளில் மாவைப் பிழிந்துகொண்டு "அதுக்குப் பிறகு?" என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஒரு குழப்பம். ஒரே பாடத்தை அவள் மூன்று தரம் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் பிரசாரணம், உப்புக் கூடின பக்கத்துக்குத் தண்ணீர் ஊறிப்போகிற பாடம், சொல்லும்போது தண்ணீர் போகிற பக்கத்தை மாற்றிச் சொன்னாள். அது பிழை என்று எனக்குத் தெரியும். கருவாட்டுக்கு உப்புப் போட்டால் மீனிலிருந்துதானே தண்ணீர் வெளியே வருகிறது. ஆனால் நான் ஒன்றும் தெரியாத ஆளாக அல்லவா இருக்கவேண்டும்? பிழை என்று சொன்னால் அவளுக்கு என்னவோ போலாகிவிடும். அதனால் "எனக்கு விளங்கேல்ல, திரும்பச் சொல்லு" என்றேன். திரும்பச் சொல்லும்போது அவளே பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அப்படித்தான் செய்கிறேன். பிழையாகச் சொன்னால் விளங்கேல்ல என்பேன்.

இது பொய்யா, உதவியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய புள்ளிகள் கூடுகின்றன. தயாளினி ஒரு நாள், "யதுஷாக்கா, நீங்களும் ஓ.எல். போடலாமே, வெளியில இருந்து போடுற ஆக்கள் எத்தின பேர்" என்று சொன்னாள். நிரோஜினி சிரித்தாள், அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று படுக்கும்போது யோசித்தேன், பிடிபடவில்லை.

மாமாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. மிச்சம் பிறகு.

தை 11

அப்பா, மாமா அன்று வந்தது பயணம் தள்ளிப்போய்விட்டது என்று சொல்லத்தான். அவருடைய கடதாசிகளில் ஏதோ ஒன்று வந்து சேரவில்லையாம். மழை விட்டதும் கருவாட்டை அம்மா திரும்ப வெயிலில் போட்டார். இந்தக் கடிதம் அலுமாரியில் கிடந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். மேலே எழுதியதை வாசித்தால் சந்தோசமான பிள்ளை ஒருத்தி எழுதியது போல இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. தொடர்ந்து எழுதுகிறேன்.

முன்னோடிப் பரீட்சை முடிந்து புள்ளிகள் வந்துவிட்டன. விஞ்ஞானம் நல்லது. கணிதத்தில் நிரோஜினியின் புள்ளி விழுந்துவிட்டது. பாஸ் பண்ணியிருக்கிறாள்தான், ஆனால் ரீச்சர் அவளிடம் எதிர்பார்த்தது அதுவல்ல. அம்மா உங்களிடம் சொல்லவில்லை. கேள்விப்பட்டால் நீங்கள் அங்கே ஒழுங்காகச் சாப்பிடமாட்டீர்கள் என்று சொல்லாமல் விட்டார். நான் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னால் வந்தது. என்னால்தான் வந்ததா என்பதும் எனக்குத் தெளிவில்லை.

நடந்தது இதுதான். சமனிலி என்று ஒரு பாடம். ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய என்று காட்ட நடுவில் ஒரு குறி போடுவார்கள். இரண்டு பக்கத்தையும் பூச்சியத்துக்குக் கீழே இருக்கிற மறை எண்ணால் வகுத்தால் அந்தக் குறியைத் திருப்பவேண்டும். நிரோஜினி திருப்பித்தான் செய்தாள். சரியாகத்தான் செய்தாள். எனக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. வகுத்தால் ஏன் திரும்பவேண்டும்? விளங்கேல்ல என்றேன். அவள் திரும்பவும் சொன்னாள். விளங்கேல்ல என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, றப்பரால் அழித்து, குறியைத் திருப்பாமல் எழுதினாள். எனக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் கடைக்காரர் வந்து நின்றார், நான் இடியப்பத்தை எண்ண எழும்பிவிட்டேன்.

பரீட்சையிலும் அவள் திருப்பாமல்தான் எழுதியிருக்கிறாள். அது மட்டுமில்லை. வேறு இடங்களிலும், எங்கே நான் உண்மையாகவே விளங்காமல் விளங்கேல்ல என்று சொன்னேனோ அங்கெல்லாம் சரியான விடையை வெட்டிவிட்டுப் பிழையானதை எழுதியிருக்கிறாள்.

புள்ளி வந்த அன்று விடைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால், மாவுக்குள்ளேயே போட்டாள். "நீ விளங்கேல்ல எண்டா பிழை எண்டுதானே அர்த்தம்! எனக்கு எப்பவோ தெரியும். மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்லுவாய்" என்றாள். நான் தெரிந்துகொண்டு தெரியாத மாதிரிக் கேட்பதை அவள் முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டாளாம். சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று சொல்லாமல் விட்டாளாம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி இருந்திருக்கிறோம். "அண்டைக்கு எனக்கு உண்மையா விளங்கேல்லயடி" என்றேன். "அப்ப அதை வேற மாதிரியெல்லோ சொல்லியிருக்கவேணும்!" என்று கத்தினாள். வேறு எந்த மாதிரிச் சொல்வது அப்பா? விளங்காததற்கு என்னிடம் அந்த ஒரு சொல்தானே இருக்கிறது.

அம்மா விடைத்தாளில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையை வைத்துப் படித்தால் இப்படித்தான் முடியும் என்றார். கோபத்தில் சொன்னது. பிறகு எனக்கு ஒரு துண்டு மீன் கூட வைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டதைப் பற்றி நாங்கள் யாருமே கதைப்பதில்லை. கொரோனாக் காலத்தில் பாடம் போனில் வந்தது. இருந்தது ஒரு போன். என் வகுப்பும் அவள் வகுப்பும் ஒரே நேரம். அவள் கேள்வி கேட்கிற பிள்ளை, அதனால் போன் அவளிடம் இருந்தது. நானும் தா என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது பாடம் எங்கேயோ போயிருந்தது. கொஞ்ச நாள் போனேன், பிறகு போகவில்லை. போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எனக்கு யாரிலும் கோபமில்லை அப்பா. இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்டினால் அசிங்கமாக இருக்கும், கிடக்கட்டும்.

அதன் பிறகு நிரோஜினி குசினிக்கு வரவில்லை. முன் அறையில் கதிரையைச் சுவரோடு போட்டு, சத்தமில்லாமல் வாசித்தாள். எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள், அதையும் அழிப்பாள். சரியாகத் தெரிந்ததையும் அழிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு அதுதான் பயம். முன்பு பிழையாகச் சொன்னாலும் பெரிய சத்தமாகச் சொல்கிறவள். இப்போது சரியான விடைக்கும் யாருடைய முகத்தையோ தேடுகிறாள். பரீட்சை மண்டபத்தில் யாருடைய முகத்தைப் பார்ப்பாள்?

ஒரு பின்னேரம் நான் உரலைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். "அங்கால திரும்பி இரு" என்றாள். முகத்தைக் காட்டக்கூடாதாம். சரியோ பிழையோ, ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று மட்டும் கேட்கவேண்டுமாம். வேறு ஒரு சொல்லும் கூடாதாம். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பின்னால்.

ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அவளுக்கு அலுத்து, "ரெண்டும் ரெண்டும் நாலு" என்றாள். "ஏன்?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து மா அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவிழ்க்கப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

அந்தக் குறியையும் அன்று சொன்னாள். கிணற்றை நினை என்றாள். கிணற்றுக் கட்டுக்கு மேலே என்றால் மூன்று முழத்தில் நிற்பவள் இரண்டு முழத்தில் நிற்பவளை விட உயரம். கட்டுக்குக் கீழே என்றால் மூன்று முழத்தில் நிற்பவள்தான் தாழ. மறை எண் என்றால் கட்டுக்குக் கீழே போவது, அதனால் கூடினது குறைந்ததாகிறது, குறி திரும்புகிறது. புத்தகத்தில் கிணறு இல்லை, அவளாகத்தான் யோசித்திருக்கிறாள். எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஏன் என்று கேட்க மறந்து, "விளங்கிட்டுது" என்று சொல்லிவிட்டேன். உடனே அவள், "முதுகைக் காட்டிக்கொண்டு பொய் சொல்லுறியோ?" என்றாள். உண்மையாகவே விளங்கியது என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில், அப்படியென்றால் நீ சொல்லிக்காட்டு என்று அவளும் திரும்பி உட்கார்ந்தாள். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். நான் சொன்னேன். யாரும் பார்க்காவிட்டால் எனக்கு இவ்வளவு கதைக்க வரும் என்று எனக்கே தெரியாது. முடித்துவிட்டு, சரியா பிழையா என்று தெரியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் நான் சொன்னதை வினாத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அழிக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருக்கிறோம். ஆனாலும் சில நாள் அவள் அழிக்கிறாள். பரீட்சைக்குள் அது போய்விடுமா என்று தெரியவில்லை. நான் உதவுகிறேனா, இன்னும் குழப்புகிறேனா என்பதும் தெரியவில்லை.

மாமாவுக்கு நாளைக்குப் பயணம் உறுதியாம். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நிரோஜினியிடம் எத்தனை ஏ எடுப்பாய் என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு பாடத்தை விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அவள் சொல்வது சரியா என்று நீங்கள் யோசிக்கத் தேவையில்லை. ஏன் என்று மட்டும் கேளுங்கள். போனில் உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது, அது நல்லது. பரீட்சைக்கு முதல் நாள் சல்லி அம்மன் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போகிறேன். நீங்களும் அங்கிருந்து ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் இப்போது குளிர் என்று மாமா சொன்னார். காலையில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். கருவாட்டை ஒரேயடியாகப் பொரிக்காமல் வைத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. பரீட்சை முடிந்ததும் நிரோஜினியின் புத்தகங்களையும் பழைய வினாத்தாள்களையும் தயாளினியின் தங்கச்சிக்குக் கொடுப்பதாக அம்மா சொல்லிவிட்டார். அவசரப்பட்டுக் கொடுக்கவேண்டாம், ஒரு வருசம் வீட்டில் கிடக்கட்டும் என்று நீங்கள் போனில் ஒரு வார்த்தை சொல்லமுடியுமா அப்பா? நான் கேட்டதாகச் சொல்லவேண்டாம். அம்மா ஏன் என்று கேட்டால், நீங்களே ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
யதுஷா