மயில் பல்லக்கும் ஒரு பள்ளத்தாக்கும்

என் பிலோ அக்காவுக்கு, ஆசையோடும் அதே அளவு கோபத்தோடும்,

அண்ணை உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார். பளபளப்பான தாள், அட்டையில் உன் படம், நான்கு பக்கம் செபம், பிறகு உறவுகளின் அஞ்சலி. "தங்கச்சி, நீ ஒரு பக்கம் எழுதித் தா. வாசிச்சால் சனம் அழவேணும்" என்று போன வாரம் போனில் சொன்னார். எழுதுகிறேன். சனம் அழுமா என்று தெரியாது. எனக்கு இப்போதெல்லாம் அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வருகிறது.

முதலில் உனக்கு ஒரு செய்தி. பெர்மிட் கிடைத்துவிட்டது. நீ ஆசைப்பட்ட அதே பள்ளத்தாக்குத்தான். அமெரிக்காவில், அரிசோனாப் பாலைவனத்தில், மேலே விளிம்பிலிருந்து அடியில் ஓடும் ஆறு வரைக்கும் நடந்து இறங்கி, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, திரும்ப நடந்து ஏறலாம். அந்தத் தேசியப் பூங்காவில் கீழே தங்குவதற்கு அளவாகத்தான் ஆட்களை விடுவார்கள், குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள் என்பதெல்லாம் நீ சொல்லித் தந்ததுதான். எந்த நாள் என்றாலும் சம்மதம் என்று விண்ணப்பத்தில் போட்டேன். அவர்கள் தந்தது ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் உன் திவசப் பூசை.

நாட்காட்டியை மூன்று தரம் பார்த்தேன். பிறகு குசினிக் கதிரையில் இருந்து சிரித்தேன். பெர்மிட்டும் குடும்ப விசேஷமும் ஒரே நாளில் வந்து விழுவது நம் வீட்டுக்குப் புதிதா என்ன?

இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நீ "நல்லாப் பலகாரம் சுடுற பிலோமினா". என்ன வேலை செய்தாய் என்று கேட்டால் ஏதோ சப்பாத்துக் கடை என்பார்கள். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது. அதன் கீழ்த்தளத்தில் பதினான்கு வருடம், வெள்ளைக்காரரின் கால்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்து அளவெடுத்தாய். சப்பாத்து வாங்க மத்தியானத்துக்குப் பிறகுதான் வரவேண்டும், அப்போதுதான் கால் வீங்கி உண்மை அளவு தெரியும் என்பாய். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் போய் இடிக்கும், அதற்கு இடம் விட வேண்டும், புறப்பட முதல் நகம் வெட்ட வேண்டும் என்பாய். நீ சொன்னபடி சப்பாத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் மலைக்குப் போனார்கள். வந்து உனக்குப் படம் காட்டினார்கள். "நீங்கள் எத்தனை தரம் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நீ சிரித்துச் சமாளிப்பாயாம். நீ ஏறிய ஆகக் கூடிய உயரம் லண்டன் வால்தம்ஸ்டோவில் நம் வீட்டு மாடிப்படி.

அந்தப் பள்ளத்தாக்கின் படத்தை முதலில் உனக்குக் காட்டியது ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. அன்றைக்கு வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமலே குசினியில் நின்று சொன்னாய். "எடி, மற்ற மலையெல்லாம் ஏறிக் களைச்ச பிறகு இறங்கிற சுகம் இருக்கு. இது மாறி. முதல் இறக்கம். களைச்ச பிறகுதான் ஏறவேணும். ஒருக்கால் செய்து பாக்கவேணும் போல கிடக்கு." நான் கறியைக் கிண்டிக்கொண்டே ஓம் ஓம் என்றேன்.

நீ கலியாணம் கட்டவில்லை. ஆகவே உன் லீவு எல்லாம் பொதுச் சொத்து. அப்டன் பார்க்கில் ஒரு கலியாணமா, அண்ணையின் ஐம்பதாவது பிறந்தநாளா, யாருடைய பிள்ளைக்கோ முதல் நன்மையா, எல்லாவற்றுக்கும் பிலோதான் லீவு போடுவாள். "அவளுக்கு என்ன, தனி ஆள்தானே." இதை எத்தனை வாய் சொல்லியிருக்கும்? அதில் என் வாயும் ஒன்று.

இருந்தும் ஐந்து வருடத்துக்கு முன் உனக்குப் பெர்மிட் விழுந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டாவது கிழமை. நீ அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாய். முதுகுப்பைக்குள் அரிசிப் பையை வைத்துக்கொண்டு எப்பிங் காட்டுக்கு நடந்தாய். லண்டனில் ஏது பள்ளத்தாக்கு? எட்மண்டனில் நான் வயதானவர்களைப் பராமரிக்கும் கெயரராகப் போகும் அடுக்குமாடியில் லிப்டை விட்டுவிட்டு பன்னிரண்டு மாடியும் இறங்கி ஏறினாய். மூச்சு வாங்க வாங்க உன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த நேரம்தான் என் மகள் ஷறோன் பெரியபிள்ளை ஆனாள்.

இனி எழுதப்போவதை அண்ணைக்கும் சொன்னதில்லை. சாமத்தியச் சடங்கு வைக்க மண்டபத்தில் இரண்டு நாள் கிடைத்தது. ஒன்று மாசியில், தபசுகாலம் தொடங்க முதல். மற்றது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, நீ பள்ளத்தாக்கில் நிற்க வேண்டிய சனிக்கிழமை. "மாசியிலை வைப்பம், அக்காவும் நிப்பா" என்று என் கணவர் சொன்னார். மயில் பல்லக்கு மாசியில் வேறு யாருக்கோ போய்விட்டது என்று அலங்காரக்காரர் சொன்னார். எனக்கு அந்தப் பல்லக்கு வேண்டும். தோகை விரித்து, லைட் போட்டு, நான்கு பேர் தூக்கிவர என் மகள் அதில் இருக்க வேண்டும். மண்டபத்துக்குப் போன் எடுத்தபோது நான் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றேன். உன் பெர்மிட்டில் இருந்த நாளைப் பார்த்துக்கொண்டேதான் "ஓம், அந்தச் சனிக்கிழமையே போடுங்கோ" என்றேன்.

வேறு நாள் இல்லை என்று உனக்குப் பொய் சொன்னேன், அக்கா. பல்லக்கு மட்டும் காரணம் இல்லை. நீ இல்லாமல் என்னால் அந்தச் சடங்கை நடத்த ஏலாது. நானூறு பேருக்குப் பலகாரம் யார் சுடுவது, தட்டு யார் அடுக்குவது? நீ தாளைக் கழற்றி மடித்தாய். "சரி விடு, பள்ளம் எங்கை ஓடப்போகுது, அடுத்த முறை பாப்பம்" என்றாய். எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. நிம்மதிப் பெருமூச்சு.

சடங்கு அன்று நீ காலையிலிருந்து மண்டபத்துக் குசினியில் நின்றாய். ஆலாத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டபோது உன்னைக் கூப்பிடவில்லை. கலியாணம் கட்டிய பெண்கள்தான் எடுக்கலாமாம். பூசைக்குப் போய் நற்கருணை வாங்குகிற நாங்கள் இதை மட்டும் இம்மியும் பிசகாமல் கடைப்பிடிப்போம். நான் மேடையில் பட்டுச்சேலையோடு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அல்பத்தில் நீ ஒரே ஒரு படத்தில் இருக்கிறாய். அதிலும் முதுகுதான் தெரிகிறது, கையில் பயித்தம் பணியாரத் தட்டு.

அடுத்த முறை குலுக்கலில் விழவில்லை. அதற்கு அடுத்த முறையும் இல்லை. பிறகு வயிற்றுக்குத்து, ஸ்கான், கணையம் என்ற சொல். பத்து வாரம் கூட எங்களுக்குத் தரவில்லை நீ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் காலைத் தடவிக்கொண்டிருந்தபோது உண்மையைச் சொல்லிவிட எத்தனை தரம் வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு நல்ல நாள் பார்க்க வேண்டியிருந்தது போல.

இப்போது அண்ணையின் கதைக்கு வருகிறேன். அண்ணை ஜேர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து கேட்டரிங் நடத்துகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்டபம் அவருக்கு இன்னொரு வீடு. "அண்ணை, பூசையை ஒரு கிழமை பின்னுக்குப் போடுவமே?" என்று கேட்டேன்.

"விசரோ உனக்கு? ஜேர்மனியிலையிருந்து சனம் ரிக்கெற் போட்டிட்டுது. மண்டபமும் வேறை நாளிலை இல்லை."

பங்குச் சுவாமியிடம் போனேன். "பூசை எந்த நாளும் வைக்கலாம் பிள்ளை. ஆத்துமாவுக்கு அவசரம் இல்லை. நீங்கள் மண்டபக்காரரைத்தான் கேக்கவேணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்ப அண்ணைக்கு எடுத்தேன். "கூடப்பிறந்தவள் நீ பூசையிலை முன் வாங்கிலை இல்லாட்டி சனம் என்ன கதைக்கும்? அக்காவின்ரை திவசத்துக்கு நிக்காமல் உலாத்தப் போட்டாள் எண்டுதானே? நான் எந்த முகத்தோடை நிக்கிறது?" என்று சத்தம் போட்டார். "பாப்பம் அண்ணை" என்று போனை வைத்தேன். நம் குடும்பத்தில் 'பாப்பம்' என்றால் விட்டுக்கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பயணத்தை நிற்பாட்டுகிறேன் என்று பூங்காவுக்கு எழுதக் கணினியையும் திறந்துவிட்டேன்.

அப்போது ஷறோன் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது பதினெட்டு. என்னோடு அவளும் வருவதாகத்தான் விண்ணப்பித்திருந்தேன். ஏன் நிற்பாட்டுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லத் தொடங்கினால் நிற்பாட்ட முடியவில்லை. பல்லக்கு, மாசி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சொன்னேன். என் பிள்ளையிடமாவது ஒருமுறை உண்மை சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

அவள் கணினியின் மூடியைப் பாதி சாய்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தச் சடங்கு தனக்குப் பிடிக்கவே இல்லையாம். பல்லக்கில் இருக்கும்போது பள்ளிக்கூடத் தோழிகள் முன்னால் செத்துப்போகலாம் போல இருந்ததாம். சடங்குக்கு ஒரு கிழமைக்கு முதல் உன் அறைக்கு வந்து அழுதாளாம். நீங்கள் போனால் அம்மாவால் இதை நடத்த முடியாது, தயவுசெய்து போங்கள் பெரியம்மா என்று கெஞ்சினாளாம். நீ சொன்ன பதிலை மட்டும் தமிழில், உன் குரலிலேயே சொன்னாள்.

"அம்மா ஆசைப்படுறா பிள்ளை. மாசியிலையும் மண்டபம் இருந்தது எண்டு எனக்குத் தெரியும். அவ பாவம். நாங்கள் ரெண்டு பேரும் பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒரு நாள் இருப்பம்."

உனக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டுதான் அந்தத் தாளை மடித்தாயா? தெரிந்துகொண்டுதான் நானூறு பேருக்கு மாவு குழைத்தாயா? பிடிக்காத ஒரு பிள்ளையும் போகத் துடித்த நீயும், நான் ஒருத்தி மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதற்காக. என் முகத்தில் ஒருமுறை காறித் துப்பியிருக்கலாமே அக்கா. ஏன் செய்யவில்லை? எல்லோரும் உன்னைத் தியாகி என்று இந்த மலரில் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். நீ எனக்குச் செய்தது பெரிய அநியாயம். நான் கெட்டவள் என்று எனக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டாய்.

கணினியை மூடிவிட்டேன். பயணம் நிற்கவில்லை.

மறுநாள் உன் கடைக்குப் போனேன். உன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனால் சனத்துக்கு உருக்கமாக இருக்கும், ஆனால் எனக்கு அது சின்னன், நகம் கழன்றுவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி காலை பத்து மணிக்கே அளவெடுக்க வந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு வருகிறேன் என்று வெளியே வந்து தெருவில் நான்கு மணித்தியாலம் சுற்றினேன். இப்போது நானும் அரிசிப் பையோடு எட்மண்டன் மாடிகளில் இறங்கி ஏறுகிறேன். எட்டாவது மாடியில் கால் நடுங்குகிறது. நேற்றுத் தெருவில் கண்ட ஒரு மாமி, "என்ன பிள்ளை, மூட்டையோடை? பஸ் ஓடேல்லையோ?" என்று கேட்டா. ஓடுது மாமி என்றேன்.

அண்ணை, இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்க முதல் நீங்கள் வாசிப்பீர்கள். சனம் என்ன கதைக்கும் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். போடுவதும் கிழிப்பதும் உங்கள் விருப்பம். போட்டால் ஒரு சொல்லும் வெட்டாமல் போடுங்கள்.

அக்கா, நீ உயிரோடு இருந்தால் அண்ணையின் பக்கம்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். "சனம் கதைக்கும், பேசாமல் நில்லடி" என்பாய். அதனால் இந்த முறை உன்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் விடியப் புறப்படுவோம். லண்டனில் அப்போது பகல் சாப்பாட்டு நேரம், மண்டபத்தில் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். நானும் ஷறோனும் ஆறு வரைக்கும் இறங்குவோம். களைத்த பிறகு ஏறுவோம். நடுவழியில் உட்கார்ந்து அழ மாட்டேன், திரும்பி வர மாட்டேன். இது என் வாக்கு.

வரமாட்டேன் என்ற சொல்லை நீ எங்கள் யாருக்கும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன், இரண்டு மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்திருப்பேன், நீ போய்விட்டு வந்திருப்பாய். நீ சொல்லாத அந்தச் சொல்லை இப்போது நான் உனக்கே சொல்கிறேன். உன் திவசத்துக்கு நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் போகவிடாமல் மறித்த உன் தங்கச்சி,
ஜசிந்தா