உங்கள் காரும் என் காலும்

உங்கள் கார்ச் சாவி நேற்றுக் காலையிலிருந்து என் கம்பளிச் சட்டைப் பையில் கிடக்கிறது. தொட்டுவிட்டு விரலை மோந்து பார்த்தால் எண்ணெய் மணக்கிறது. ஒரு வருடமாக யாரும் கைவைக்காத சாவி இன்னும் எப்படி மணக்கிறதோ தெரியாது. உங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து நான் தோற்றுப்போன அதே மணம்.

நாளைக்கு நீங்கள் கண்மூடி ஒரு வருடம், உங்கள் ஆண்டுத் திருப்பலி. நேற்று மகள் டிலானி வந்து பையை இறக்கி வைத்த கையோடு கேட்டாள், "அம்மா, அப்பான்ரை காரிலைதான் சேர்ச்சுக்குப் போறம். கீ எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? கொப்பர் எங்கை வைச்சாரோ" என்றேன். கேட்பாள் என்று தெரிந்துதான் காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்; சொல்லும்போது பைக்குள் என் கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. இந்த அறுபத்திரண்டு வயதில் வந்து, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பொய். இந்தக் கார் விஷயத்தில் இது எனக்கு இரண்டாவது பொய். முதலாவதை உங்களுக்குச் சொன்னேன். அதனால்தான் இதையும் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தக் காரை எசெக்ஸ் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து ட்ரெயிலரில் ஏற்றி வந்த நாளில் நான் உங்களுக்கு ஏசியது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கதவில் துருவேறிய கறள். பின் சீற்றில் கோழி அடைந்த எச்சம். நீங்களோ புது மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "இஞ்சாரும், ஊரிலை ஐயாட்டை நிண்ட அதே ஏ ஃபோட்டிக் கார்" என்றீர்கள். சண்டையால் பெற்றோல் வராத காலத்தில் துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் புகையப் புகைய நீங்கள் ஓட்டிய கார். அதை நினைத்து உருகினீர்கள் என்று யாரும் எண்ணக் கூடாது. உங்களுக்கு அதன் மேல் கோபம். "அப்ப உது சைக்கிளுக்குப் பின்னாலை போகும். ஒருக்காவாவது பாயவேணும் உது. பாய வைக்கிறன், பாரும்."

அப்படித்தான் தொடங்கியது உங்கள் ஹொட் ரொட், பழைய காரை வெட்டி ஒட்டிப் பாயவைக்கிற வேலை. பஸ் டிப்போவில் நாள் முழுக்க மெக்கானிக் வேலை. வீட்டுக்கு வந்தால் பின் ஒழுங்கைக் கராஜில் அதே வேலை. கூரையை நாலு அங்குலம் வெட்டித் தாழ்த்தினீர்கள். முன்னுக்கு எட்டு சிலிண்டர் எஞ்சின், பின்னுக்கு அகலச் சில்லு. சாப்பாட்டுக்கு வந்தால் ஆரஞ்சுத் தோடம்பழ மணமுள்ள அந்தக் கைகழுவும் பசையை என் குசினித் தொட்டியில் அப்பி அப்பிக் கழுவுவீர்கள். கறிக்குள்ளும் தோடம்பழம் மணக்கும். "விசர் பிடிச்ச மனுசன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் சோறு போட்டேன்.

பயம் பிறகுதான் வந்தது. முதன்முதல் எஞ்சினை இயக்கிய அன்று குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. யன்னலால் பார்த்தேன். கராஜ் வாசலில் நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த மனுசன் இதில் ஏறி ஒருநாள் போவார், திரும்பி வரமாட்டார் என்று மனம் அடித்துச் சொன்னது. உங்களிடம் சொன்னேன். "நீர் என்ன காரிலை இருந்தாலும் காலாலை தரையை அமத்துற ஆள். உம்மடை பக்கம் பிரேக் இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்" என்று பகிடி பண்ணிவிட்டுப் போனீர்கள். என் பயத்தை நீங்கள் ஒருநாளும் பயமாக எடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

அடுத்த செவ்வாய் நீங்கள் ஷிப்டில் இருந்தபோது பார்சல் வந்தது. செருப்புப் பெட்டி அளவுதான், ஆனால் கல்லுப் போலப் பாரம். கொண்டுவந்த பெடியன் கையெழுத்துக் கேட்டான், ஒரு கோட்டை இழுத்துவிட்டேன். பெட்டியில் ஏதோ இலக்கம் மட்டும். இந்தச் சாமான் இல்லாவிட்டால் அவர் காரை முடிக்க ஏலாது, முடிக்காவிட்டால் ஓட ஏலாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு. மாடிப்படிக்குக் கீழே இருந்த கிறிஸ்மஸ் பாலன் குடில் பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, மாட்டுக்கும் இடையர்களுக்கும் அடியில் வைத்து மூடினேன். நத்தார் வரும்வரை அதை யார் திறக்கப்போகிறார்கள்?

"பார்சல் ஏதும் வந்ததோ?"

"இல்லையே."

ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள். ஒவ்வொரு நாளும் இல்லையே என்றேன். கடைக்காரனுக்கு ஃபோன் எடுத்தீர்கள். கொடுத்தாகிவிட்டது, கையெழுத்தும் இருக்கிறது என்றான். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நீங்கள் கேட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலிக்கு மேலால் தக்காளி தருகிற மனிதர், அன்றிலிருந்து முகத்தைத் திருப்பினார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். படியால் ஏறும்போது பெட்டி இருந்த பக்கம் பார்க்காமல் ஏறினேன். சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் சுகமில்லை என்று சாட்டுச் சொன்னேன். நீங்கள் மேசையில் கதைப்பதை விட்டீர்கள். ஏழு வாரம்.

எட்டாவது சனிக்கிழமை காலை குசினி வாசலில் வந்து நின்றீர்கள். "இனிக் காத்துக்கொண்டிருக்க ஏலாது. பழைய பிரேக்கோடையே ஒருக்கா பாலம் வரைக்கும் போயிட்டு வாறன்."

"பழைய பிரேக்கோடையோ? ஏன்?"

"புதுசு வரேல்லை எல்லே. உந்தப் பார்சல் அதுதானே. பெடலை மிதிச்சா நாலு சில்லுக்கும் எண்ணெயைத் தள்ளுற சாமான். ரெண்டு மாசமாச் சொல்லுறன், நீர் காது குடுத்தாத்தானே." பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதையும். ஊரிலை பிரேக்கே இல்லாமல் ஓடின ஆள் நான்" என்றீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் படி, படிக்குக் கீழே பெட்டி. ஏழு கிழமைப் பொய் வாய்க்குள் கிடந்து அடைத்தது. நீங்கள் போய்விட்டீர்கள். கோப்பைகள் முட்டின. சத்தம் ஒழுங்கையால் போய்ப் பெருந்தெருவில் ஏறி, சனிக்கிழமை நெரிசலில் ஊர்ந்தது.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஓடும்போதுதான் நீங்கள் சொன்னது மண்டைக்குள் விளங்கியது. பிரேக் இல்லாமல் ஓடினீர்கள்தான். யாழ்ப்பாணத்தில் ஓடினீர்கள். அங்கே மேடு ஏது, இறக்கம் ஏது? காலை எடுத்தால் கார் தானாக நிற்கும். இங்கே எங்கள் குட்மேய்ஸ் ஸ்டேஷன் பாலம் அப்படியா? ஏறினால் இறங்கத்தானே வேண்டும்.

நான் பாலத்து உச்சிக்கு வந்தபோது நீங்கள் மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். அடியில் பாதசாரிக் கடவை. சிவப்பு விழுந்துவிட்டது. சாமான் வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண் தெருவில் இறங்கினாள். கார் நிற்கவில்லை. உங்கள் தோள் முன்னுக்கும் பின்னுக்கும் போவது, நீங்கள் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிப்பது, பின் கண்ணாடியால் தெரிந்தது. நான் நின்ற இடத்தில் நின்று என் வலது காலால் நடைபாதையை அமத்தினேன். முழுப் பாரத்தோடும் அமத்தினேன், இஞ்சாருங்கோ. நீங்கள் கைப்பிரேக்கை இழுத்து, சில்லைக் கரைக்கல்லில் உரஞ்சி, கடவைக்கு நடுவில் காரை நிறுத்தினீர்கள். அந்தப் பெண்ணுக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம். அவள் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போனாள். வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை ஏசியிருப்பார்கள்.

கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி இருந்தேன். உங்கள் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை. "பெடல் தரைக்குப் போயிட்டுது" என்றீர்கள், எனக்கல்ல, கண்ணாடிக்கு.

"பார்சல் என்னட்டை இருக்கு" என்றேன். "வந்த அண்டைக்கே வாங்கினனான்."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காரை முதலாம் கியரில் ஊரவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். நான் இறங்கி முன்னால் நடந்து ஆட்களை விலக்கினேன். குடில் பெட்டியை இழுத்து வந்து மேசையில் வைத்தேன். பார்சலில் வைக்கோல் ஒட்டியிருந்தது. கத்தியால் கீறித் திறந்து, கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தீர்கள்.

"இது பிரேக்" என்றீர்கள்.

அதற்குமேல் ஒன்பது நாள் ஒரு சொல் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பக்கத்து வீட்டுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். சுவாமியார் மன்னித்தார், பக்கத்து வீட்டுக்காரரும் தக்காளி தந்தார். என் சொந்த மனுசன் மட்டும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கராஜுக்குப் போனார்.

பத்தாம் நாள் குசினி யன்னலில் தட்டினீர்கள். "இஞ்சாரும், ஒருக்கா வாரும். காலொண்டு வேணும்."

புதுச் சாமான் பூட்டினால் குழாய்க்குள் காற்று நிற்குமாம், அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் பெடலை அமத்த வேண்டும், மற்றவர் கீழே கிடந்து ஆணியைத் திறந்து பூட்ட வேண்டும். பூட்ட முதல் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். தாங்கியில் நின்ற காருக்குக் கீழே நீங்கள் புகுந்தீர்கள். மேலே பெடலில் என் கால்.

"அமத்தும்." அமத்தினேன். "பிடியும்." பிடித்தேன். கீழே ஸ்பானர் அசைந்தது. "இன்னும் ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ?"

"இல்லை."

"விடாதையும். நான் சொல்லேக்கை விடும்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப விடும்."

எனக்குக் கண்ணீர் வந்தது. நீங்கள் சொல்லும்வரை கால் அசையவில்லை. மன்னித்தேன் என்று நீங்கள் கடைசிவரை சொன்னதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து வந்த பார்சல் எல்லாம் மேசையில் வைத்துத் திறக்கப்பட்டது. இது என்னத்துக்கு என்று நான் கேட்பேன், நீங்கள் சொல்வீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும்போது என் கால்தான். ஒருமுறை என்னையும் கீழே கிடத்தி நாலு ஆணியையும் காட்டித் தந்தீர்கள். முதுகு நோகுது என்று ஏசிக்கொண்டே பார்த்தேன். எல்லாப் பரிசோதனையும் முடிந்து நீங்கள் அந்தக் காரில் என்னை ஏற்றிப் பாலம் இறங்கினபோது, பெடலில் விரல் வைத்ததுபோல நின்றது. உங்களைக் கொண்டுபோனது அந்தக் கார் அல்ல. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள், நான் பயப்படவே தெரியாத ஏதோ ஒரு நோய்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது டிலானி படியால் இறங்கி வந்தாள். எல்லா மேசை லாச்சியையும் கிண்டிவிட்டாள். "அம்மா, நீங்கள் எடுக்கேல்லைத்தானே?" என்றாள். உங்கள் குரல்தான். நான் வாயைத் திறக்க முதல், "ஓகே, கீ இல்லாமலும் ஸ்டார்ட் பண்ணலாம். வயர் எதெண்டு அப்பா காட்டித் தந்தவர்" என்று சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து தோட்டத்தில் இறங்கினாள்.

ஒரு வருடமாக நின்ற கார். பெடலை யாரும் மிதித்துப் பார்க்கவில்லை. பாலம் அங்கேயேதான் இருக்கிறது. நான் எதை ஒளித்தாலும் நீங்கள் இரண்டு பேரும் அது இல்லாமலே ஓடுகிற ஆட்கள். பேனையை வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது மாலையாகிவிட்டது. கையில் தோடம்பழ மணத்தோடு மிச்சத்தை எழுதுகிறேன். பசை காய்ந்துபோயிருந்தது, தண்ணீர் விட்டுக் கரைத்தேன்.

கராஜில் போய்ச் சாவியை அவள் கையில் கொடுக்காமல் காரின் மேல் வைத்தேன். "ஸ்டார்ட் பண்ணாதை. முதல்லை பிரேக் பாக்கவேணும். நீ ஏறிக் காலை வை, நான் கீழை போறன்" என்றேன். அவள் சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு பேருமாகத் தாங்கி வைத்து உயர்த்தினோம். உங்கள் பழைய கம்பளத்தை விரித்துக் கீழே புகுந்தேன். முதுகு முறிந்தது. ஆணி இருந்த இடம் கைக்குத் தெரிந்திருந்தது.

"அமத்து." எண்ணெய் குமிழி குமிழியாக வந்தது. குழாய்க்குள் காற்றுத்தான். அப்படியே ஓடியிருந்தால் பாலத்தடியில் என்ன நடந்திருக்கும்? "பிடி."

மேலேயிருந்து கேட்டாள், "அம்மா, கீ எங்கை இருந்தது?"

ஆணி திறந்து இருந்தது. அவள் கோபத்தில் காலை எடுத்தால் அவ்வளவு நேரம் பட்ட பாடும் வீண். பூட்டிவிட்டுச் சொல்லியிருக்கலாம். பூட்ட முதலே சொன்னேன். "என்னட்டைத்தான். நேற்றிலை இருந்து. பயத்திலை ஒளிச்சனான்."

நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று உள்ளே போகவில்லை.

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள். "நீங்கள் பூட்டுங்கோ."

நாலு சில்லும் முடித்தோம். நாளைக்கு அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். பாலம் இறங்கும்போது என் வலது கால் தரையை அமத்தும். என் பக்கம் பிரேக் இல்லை என்று நீங்கள் எத்தனை தரம் சொன்னீர்கள். தெரியும். இருந்தாலும் அமத்துவேன்.