சயன்ஸ் மாணவனுக்கும் சரித்திரம்

என் பிரியமுள்ள நூருல்லா,

நேற்று நம் கல்லூரியில் ஒரு கூட்டம். எந்தப் பாடம் எடுத்தவனானாலும் சரி, எல்லா மாணவனும் சரித்திரம் படித்தே ஆக வேண்டும் என்று பிரின்சிபால் ஒரு யோசனை கொண்டுவந்தார். சுதந்திரம் வந்துவிட்டது, இனி நம் கதை தெரியாமல் யாரும் பட்டம் வாங்கக் கூடாது என்றார். நான் அங்கே சரித்திர வாத்தியார் அல்லவா, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

நாம் இன்டர்மீடியட் படித்த நாட்கள் நினைவிருக்கிறதா? தருமபுரியிலிருந்து மொரப்பூர் வரை அந்தச் சின்ன ரயில், அங்கிருந்து கல்லூரிக்குப் பெரிய ரயில். மேட்டில் அது திணறும்போது நீ குதித்துக் கூடவே நடந்து, மறுபடி ஏறிக்கொள்வாய். உன் அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியும் என் வீட்டுக் கேழ்வரகு அடையும் மொரப்பூர் வருவதற்குள் தீர்ந்துவிடும். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே வெறும் ஜல்லி மேடு.

நம் சண்டையெல்லாம் அந்த ரயிலில்தான். டாக்டராக வேண்டும் என்று நீ சயன்ஸ் எடுத்தாய். நான் சரித்திரம் எடுத்தேன். கல்லூரி விவாதக் கூட்டத்தில் இதே கேள்வி வந்தபோது நீ எழுந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"லண்டன்ல எந்த ராஜா எப்பச் செத்தான்னு தெரிஞ்சா, நல்லம்பள்ளியில காச்சக்காரன் பொழைச்சுக்குவானாங்க? புடிச்சவன் படிக்கட்டும். புடிக்காதவனை எதுக்குங்க கட்டிப்போடறீங்க?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உன்னை எதிர்த்துப் பேச வேண்டிய நானும் சிரித்துவிட்டேன். தோற்றதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அவ்வளவு அழகாகப் பேசுவாய் நீ.

பிறகு நீ டாக்டரானாய். வத்தல்மலைக்கு அம்மை குத்தப் போனாய். மருந்துப் பெட்டியைப் பார்த்ததுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே காட்டுக்குள் ஓடிவிட்டது. மறுமுறை போனபோதும் அப்படியே. நீ கீழே இறங்கி வரவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, ஓடாமல் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டாய். அவள் சொன்னதை என் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாய்.

"எங்க மாமியாரு காலத்துல இப்புடித்தான் சில பேரு பொட்டி தூக்கிட்டு வந்தாங்களாம். ஊசி போடறோம்னு சொல்லி அல்லாரு பேரையும் எழுதிக்கிட்டாங்களாம். அடுத்த மாசிக்குள்ள, காட்டுல கால் வைக்கக் கூடாதுன்னு எல்லைக்கல்லு நட்டுட்டாங்க. உங்க பொட்டியில என்னா இருக்குதோ, யாரு கண்டாங்க?"

நீ யாரிடமும் பெயர் கேட்கவில்லை. காகிதத்தையே வெளியே எடுக்கவில்லை. முதலில் உன் கையிலேயே குத்திக் காட்டினாய். பொழுது சாய்வதற்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"பாத்தியா, இதுதான்டா சரித்திரம்" என்றேன் நான்.

"ஆமான்டா மச்சான். ஆனா நான் எந்தக் கிளாஸ்ல உக்காந்திருந்தா இதைச் சொல்லியிருப்பாங்க?"

யோசித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இப்போது பதில் இருக்கிறது, யாரிடம் சொல்ல?

நேற்று அந்தக் கூட்டத்தில்தான் சொன்னேன். சரித்திரம் எல்லாருக்கும் வேண்டும், டாக்டராகப் போகிறவனுக்கு முதலில் வேண்டும் என்றேன். ஆனால் ராஜாக்களோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மாணவனும் தன் ஊர்க் காட்டுக்கும் ஏரிக்கும் சந்தைக்கும் என்ன நடந்தது என்று அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்டுவர வேண்டும் என்றேன். உன் மலைக் கதையையும் சொன்னேன்.

"நல்ல யோசனைதாங்க. அதுக்கு மார்க் எப்புடிங்க போடறது?" என்றார் பிரின்சிபால்.

கட்டாயம் என்பது நிறைவேறிவிட்டது. மற்றது நின்றுபோயிற்று. நான் ஜெயித்தேனா தோற்றேனா, நீயே சொல்லு.

இன்னொரு செய்தி. உன் தம்பி சலீம் இந்த வருடம் சயன்ஸில் சேர்ந்திருக்கிறான். குரல் அப்படியே உன் குரல். இன்று காலை வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டான்.

"எனக்கும் சரித்திரம் உண்டாமே, எதுக்குங்கண்ணா? எங்கண்ணன் இருந்திருந்தா சும்மா வுட்டிருக்குமா?"

"வுட்டிருக்க மாட்டான். நீயும் வுடாத. கிளாஸ்ல வந்து சண்டை போடு."

முறைத்துவிட்டுப் போனான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நூரு. நீ போன பிறகு என்னோடு சண்டை போட ஆளே இல்லாமல் இருந்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவனை வகுப்புக்கு வரச் சொல்வேன். நான் சொல்வதை ஒத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அவன் எழுந்து எதிர்த்துப் பேசினால், மணி அடித்த பிறகும் உட்கார்ந்து கேட்பேன்.

என்றும் உனக்கு மச்சான்,
முனிரத்தினம்