இருபத்து மூன்று நாள் என் இழுப்பறையில் இருந்த கடிதம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை, மனசைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மாத்திரையை மாற்றியதில் அம்மாவின் முழங்கால் வலி தேவலை, உன் சித்தப்பா மகன் இரண்டாவது தடவையும் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுவிட்டுக் காரைக் குறை சொல்லிக்கொண்டு திரிகிறான். விட்டால் இப்படியே நாலு பக்கம் நிரப்பிவிடுவேன், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

தத்துப் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உன்னைப் பெற்றவரும் உன்னைத் தேடிப் பெயர் பதிந்திருக்கிறார் என்று அம்மா போனில் சொன்னாளே, அன்றைக்குச் சாயங்காலம் நீ கடைக்குத் திரும்பக் கூப்பிட்டு, தபால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டாய். அம்மா போனை என்னிடம் நீட்டினாள், நான் மூக்குக்கண்ணாடி வாங்க ஆள் வந்திருக்கிறார் என்று நழுவினேன். யாரும் வரவில்லை. தபாலும் தாமதமாகவில்லை பாப்பா. அப்போதெல்லாம் பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று நீ கொடுத்திருந்த கடை விலாசத்துக்குச் சரியான நாளில் வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன், உன் பேர் போட்டிருந்த உறையைப் பிரித்தேன், படித்தேன், லென்ஸ் பெட்டிகளுக்கு அடியில் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அறுபது நாளுக்குள் உன் சம்மதம் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று அதில் எழுதியிருந்தது. இதையும் மறைக்கக் கூடாது, நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று நாள் ஓடியிருந்தது.

உனக்குப் பதினெட்டு வயசானதும் அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், படிவம் நிரப்பப் பேனா கொடுத்தவன் நான்தான். என்ன பெரிய மனசு உங்க அப்பாவுக்கு என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்பது வருஷமாக ஒரு பதிலும் வரவில்லை, இனி வரப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்தப் பெரிய மனசு நிலைத்தது. வந்ததும் அந்த மனசு காணாமல் போய்விட்டது. நீ எங்களை விட்டுப் போய்விடுவாய் என்று நினைத்தேனா என்று கேட்டால் தெரியவில்லை. அப்பா என்று நீ கூப்பிடும்போது உன் குரல் மாறிவிடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

பதில் வராததால் அலுவலகத்தில் வீட்டுக்கே போன் செய்துவிட்டார்கள், எடுத்தது அம்மா. கடை விலாசத்துக்குத் தபால் போய் நாளாகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் கடைக்கு வந்தாள், ஒரு வாத்தியாருக்கு நான் ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் போகும்வரை ஓரமாக நின்றாள், அப்புறம் சாவியை வாங்கி இழுப்பறையைத் திறந்தாள். “இது அவளுக்கு வந்த லெட்டருங்க. நமக்கு வந்ததில்ல” என்றாள். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடையைச் சாத்திவிட்டு இருவரும் அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் அதிகாரி உன் கோப்பைத் திறக்கவே இல்லை, பதிந்தது உங்கள் மகள், அவரிடம் மட்டும்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார். அம்மா விடாமல் கெஞ்சியதில் ஒன்றே ஒன்று சொன்னார், எதிர்த் தரப்பில் இருப்பவருக்குப் புதன்கிழமை இருதய ஆபரேஷன், அதற்குள் பதில் தெரிந்தால் நல்லது என்று. அன்றைக்குத் திங்கள்கிழமை. அந்த வராந்தாவில் நின்றபடியே அம்மா உனக்குப் போன் போட்டாள். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் சம்மதம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

புதன்கிழமை நான் செய்த ஒரு வேலையும் உருப்படவில்லை, ஒருவருடைய வலது கண் லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாலையில் நீ கூப்பிட்டு, பிழைத்துக்கொண்டார், உன் சம்மதத்தைக் கேட்ட பிறகுதான் உள்ளே போனாராம் என்று சொன்னபோது அம்மா அழுதாள். நான் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் உன் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பழியை எந்தத் தண்ணீரில் கழுவுவேன். அம்மா உன்னிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, “நீங்க செஞ்சதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டாள். எழுதிவிட்டேன். மன்னிப்பதும் மாட்டேன் என்பதும் உன் இஷ்டம், உடனே பதில் எழுத வேண்டியதில்லை, கோபம் இருந்தால் இருக்கட்டும்.

முதல் சந்திப்பு அந்த அலுவலகத்திலேயே நடக்குமாம், துணைக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்களாம். அம்மாவைக் கூட்டிப் போ. அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். ஊருக்கு வரும்போது கனமான ஸ்வெட்டர் எடுத்து வா, இங்கே காலையில் குளிர் அதிகம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீ நூறு வயசு நன்றாக இரு, யார் எதிரிலும் தலை குனியாமல் இரு. உன்னையும் அம்மாவையும் நான்தான் வண்டியில் அங்கே கொண்டுபோய் விடுவேன், நீ சம்மதித்தால். எவ்வளவு நேரமானாலும் வெளியே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா