மூன்றாவது கட்டுரையில் நம் வீடு

அருப்புக்கோட்டை,
18-2-1972.

அன்பு மகன் பொன்ராஜுக்கு அம்மா சுந்தராம்பாள் எழுதுவது. நீ அந்த லண்டன் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளைக்கு வேளை சாப்பிட்டு, திடமாக இருக்கவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பளவில் ஒருவருக்கும் குறைவில்லை. மனசைப் பற்றிச் சொல்ல சீமைக்கு எழுதுகிற நீலத்தாள் பத்தாது என்றுதான் உன் தங்கச்சி முத்துலட்சுமியின் காலேஜ் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை மட்டுப்பட்டிருக்கிறது, ஆனால் கருப்பட்டிக் காபியை விட மாட்டேன் என்கிறார்கள். இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, திருச்சுழிப் பக்கம் பருத்தி காய் பிடிக்கும் முன்னே காய்ந்துபோனதாம். நம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். முத்துலட்சுமிக்கு ஏப்ரலில் பி.ஏ. கடைசிப் பரீட்சை. ராத்திரி பகலாகப் படிக்கிறாள், கண் குழி விழுந்துவிட்டது. இரண்டு பக்கம் இருந்து வரன் கேட்கிறார்கள், பரீட்சை முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நீ அனுப்பிய பார்சல் போன வாரம் வந்தது. உன் லண்டன் எழுத்தாளரின் புதுப் புத்தகம். அவர் பெயரை இந்தத் தாளில் எழுதக்கூட எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய நாவலாசிரியர், ஏழை எளியவர்களுக்காக எழுதுகிறவர், வானம் பார்த்த பூமியை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார், நாலு நாள் நம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ எழுதினாய். வைத்துக்கொண்டோம். காரம் ஒத்துக்கொள்ளாது என்று தனிக்குழம்பு வைத்தேன், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து வடிகட்டிக் கொடுத்தேன். அவருடைய சுரங்கத்து நாவலின் கதையை நீ கடிதம் கடிதமாக எழுதியபோது நானும் முத்துலட்சுமியும் அழுதிருக்கிறோம். புருஷனைப் பறிகொடுத்த அந்தப் பெண் மண்ணெண்ணெய் விளக்கோடு சுரங்க வாசலில் நிற்கிற இடத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்படி எழுதத் தெரிந்தவர் நல்ல மனுஷராகத்தான் இருப்பார் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

புத்தகத்தில் மூன்றாவது கட்டுரை நம் ஊரைப் பற்றியது, நம் வீடும் அதில் வருகிறது என்று நீ குறிப்பு எழுதியிருந்தாயே, அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கல்லாப்பெட்டி மேல் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வந்தவர் போனவரிடம் எல்லாம், எங்க வீட்டுப் பேரு சீமையில அச்சாயிருக்கு என்று ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எதிர்க்கடை அருஞ்சுனை அண்ணாச்சியையும் பஜாரில் நாலைந்து பேரையும் வாசிக்கக் கேட்பதற்கு வீட்டுக்கு அழைத்தார்கள். காராச்சேவும் காபியும் நான்தான் கொடுத்தேன். நம் கடையில் மிளகாய் வற்றல் கிள்ளுகிற ஜக்கம்மாளும், தன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முத்துலட்சுமி ஒரு வரி இங்கிலீஷில் படித்து, அதையே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதலில் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொன்னேனாம், ஆகையால் என் கண்ணுக்கு அவர் தீட்டுப்பட்டவராம். உன் அப்பாவும் அண்ணாந்துதான் குடிக்கிறார்கள், நீயும் நானும் அப்படித்தான் குடிக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடுத்தது ஜக்கம்மாள். அவர் இருந்த நாலு நாளும் அவள் அவரை விட்டபாடில்லை. வெயிலில் தோல் உரிந்த மூக்கைப் பார்த்து, ஏயம்மா, தக்காளிப் பழமாட்டம் பழுத்துப்போச்சே, இந்த மூக்கோட ஊருக்குப் போனா இவுக ஆத்தா நம்மளையில்ல வைவாக என்று கேலி செய்தாள். முத்துலட்சுமி அதை இங்கிலீஷில் சொன்னதும் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பையில் இருந்த குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கூடக் கொண்டார். புத்தகத்தில் பார்த்தால் ஜக்கம்மாள் பேச்சு மறந்துபோன கல்லாம், பசி அவள் நாக்கைத் தின்றுவிட்டதாம். அவள் என்னிடம் வந்து, நான் அம்புட்டுப் பேசுனேனே ஆச்சி, அதுல ஒரு வார்த்தகூடவா வரல என்று கேட்டாள். உலகத்துக்கு ஏழை என்றால் வாயைத் திறக்கக்கூடாது போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது. முத்துலட்சுமி இங்கிலீஷில் வாசித்தாள், தமிழில் சொல்லாமல் நின்றுவிட்டாள். அப்பா, படி தாயி, ஏன் நிறுத்திட்ட என்றார்கள். தாண்டிப்போகத் தெரியாத பெண், சூது வாது இல்லை, அவர் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொல்லிவிட்டாள். எனக்குப் பணியாரம் பரிமாறிய இதே பெண் இருபது வருஷத்துக்கு முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, யாருக்கும் அடையாளம் தெரியாத ஊரில் பஞ்சத்துக் கஞ்சித் தொட்டி வரிசையில் நின்றாள். சட்டி கைக்கு வந்ததும் மகனுக்கு முதுகைக் காட்டி நின்று முதலில் தானே குடித்தாள். எட்டு வயது மகன் மிச்சத்துக்காகக் காத்து நின்றான். பசி தாயைக்கூட மிருகமாக்கிவிடும், அந்த மகன் இன்று என் நண்பன். இப்படி எழுதியிருக்கிறது. உனக்கு அது மனப்பாடமாகவே இருக்கும்.

அருஞ்சுனை அண்ணாச்சி காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர், மணியாச்சே, பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தார், அவர் பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். உனக்குத் தெரியும், அந்தப் பஞ்ச வருஷம் அப்பா போடியில் ஏலக்காய் மண்டியில் வேலையாக இருந்து, டைபாய்டு காய்ச்சலில் இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்தார்கள், ஒரு கடுதாசி வரவில்லை. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த அப்பாவிடம் நாங்கள் கஞ்சிக்கு நின்றோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மளிகைக் கடைக்காரர்கள் கடனாகத் தந்தார்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இருபது வருஷமாக, அந்தப் பஞ்சத்துலயும் எங்க வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணைஞ்சதில்ல என்று பஜாரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமை ஒன்றை நான் அவர்களுக்குக் கொடுத்திருந்தேன். அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அன்று கஞ்சி குடித்துத் திரும்பும்போது, பாலவனத்தம் பாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாட்ட சொல்லமாட்டேம்மா என்று நீயாகச் சொன்னாய்.

அந்த மனுஷன் நம் வீட்டில் நாலு நாள் இருந்து இதைக் கண்ணால் கண்டு எழுதவில்லை. நீ சொல்லித்தான் எழுதியிருக்கிறார். அவர் மேல் உள்ள அருவருப்பாவது கழுவினால் போய்விடும், ஊரான் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் போன ஆள். பெற்ற தாயின் மானத்தைக் கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரரின் சாப்பாட்டு மேசையில் வைத்து, அவர் உச்சுக்கொட்டுவதைப் பார்த்து உனக்கு என்ன நிறைந்தது? அந்தச் சுரங்கத்துப் பெண்ணுக்காக அழுத அழுகையை நினைத்தால்கூட இப்போது கூசுகிறது. அவளைப் பற்றி எந்த மகன் போய்ச் சொன்னானோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களோ என்னவோ.

அப்பா இரண்டு நாள் கடைக்குப் போனார்கள், வந்தார்கள், வட்டிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கஞ்சிக்கு நின்றதற்காக என்னை வெட்டிப் போட்டாலும் போடட்டும் என்று நானும் என் பாட்டுக்குச் சமைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே திரும்பி, அப்ப முத்துலட்சுமி எங்க இருந்தா, அவளுக்கு அப்ப எட்டு மாசமில்ல என்று கேட்டார்கள். அத்தனை பேர் கேட்ட கட்டுரையில் உன் அப்பாவுக்கு மட்டும்தான் அது தோன்றியது. என் மாரில்தான் கிடந்தாள் என்றேன். பால் வற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது, அழக்கூடச் சத்தில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தாள், முகத்தை மூடின அதே முந்தானைக்குள்தான் பிள்ளையும் இருந்தாள், நான் குடித்தால்தான் அவளுக்கு ஊறும் என்று திரும்பி நின்று குடித்தேன், சுடச்சுட அரைச் சட்டி, மீதி அரைச் சட்டி பொன்ராஜுக்கு, என்று சொன்னேன். உன் அப்பா பொத்தானைப் போட்டு முடிக்காமல் அப்படியே நின்றார்கள். பிறகு, காய்ச்சல்ல கிடந்தாலும் நான் யார்ட்டயாவது சொல்லிவிட்ருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். முத்துலட்சுமி அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்று முதல் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை, என்னைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

நீ இந்தப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்து எழுதுவதாகவும், சித்திரைக்குள் மெட்ராஸில் அச்சாகும் என்றும், ஊர்ப் பெயர்களைச் சரிபார்த்து அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். இங்கிலீஷில் இருக்கிறவரைக்கும் அது ஐந்தாறு பேர் கேட்ட சங்கதி. தமிழில் வந்தால் பாளையம்பட்டி டீக்கடை வரைக்கும் போகும், உன் தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறவர்களும் படிப்பார்கள். அந்தக் கட்டுரை தமிழில் வரக்கூடாது. அப்படியில்லை, எழுத்துக்குத் துரோகம் செய்ய முடியாது என்று நீ பெரிய பேச்சுப் பேசினால், கஞ்சித் தொட்டியை எழுதிக்கொள், என் பெயரையும் போட்டுக்கொள், எனக்குக் கவலையில்லை. ஆனால் மாரில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு என்னை எழுதக்கூடாது.

ஊருக்கு வரும்போது ஜக்கம்மாளுக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கி வா, நீயே கையால் கொடு. வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீண்ட ஆயுசோடும் நல்ல புத்தியோடும் இரு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே, எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. கஞ்சித் தொட்டியில் இருந்து திரும்பி வரும் வழியெல்லாம் நீ முத்துலட்சுமியின் காலைப் பிடித்துக்கொண்டு, பாப்பா பால் குடிக்குதும்மா, பாப்பா குடிக்குதும்மா என்று சொல்லிக்கொண்டே நடந்தாய், அதனால் மறந்துவிட்டேன் என்று எழுதாதே. மாரில் கிடந்த பிள்ளையைக் கட்டுரையில் இருந்து அந்த மனுஷன் எடுத்துவிட்டாரா, இல்லை, நீ அவரிடம் சொல்லவே இல்லையா?

இப்படிக்கு,
உன்னையும் முத்துலட்சுமியையும் பெற்ற அம்மா,
வெ. சுந்தராம்பாள்.