சந்தனம் பூசிய போல்ட்டுகள்

அன்பு மகன் தனேஷுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே புந்தோங்கில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மருமகளும் பிள்ளையும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை நிற்க வேண்டும். இங்கே சாயங்காலம் ஆனால் மழை, பின்பக்கத்துக் கால்வாய் நிரம்பி வாசல் வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலிதான் விடமாட்டேன் என்கிறது, அதோடேயே ஆயர் தாவாரில் உன் தங்கை பிரமிளாவுக்கு நடக்கப்போகிற வளைகாப்புக்கு முறுக்கு சுடுகிறேன் என்று அடுப்படியில் நிற்கிறாள். போனில் பேசாமல் இந்த அப்பா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறது தம்பி, உன் முகத்தைப் பார்த்தால் நான் மறுபடியும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உன்னைத் தமிழ்ப்பள்ளியில் போட்டதற்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படி.

விஷயம் இதுதான். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரமாட்டேன் என்று உன் தங்கை சொல்லிவிட்டாள். ஆயர் தாவாரிலேயே மாமியார் வீட்டில் பெற்றுக்கொள்கிறாளாம். அம்மா அந்த நடு அறையைக் கழுவித் துடைத்துத் தொட்டில் கட்டக் கொக்கி பார்த்து வைத்திருக்கிறாள், அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் கோயிலுக்குப் போகிறேன் கடைக்குப் போகிறேன் என்று வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நம் காரின் அந்த மேனிஃபோல்ட் போல்ட்டால் வந்தது. அதை நம் மாப்பிள்ளை, உன் மச்சான் விக்னேஸ்வரன் சரியாக முடுக்காமல் விட்டான் என்று நான் உனக்குச் சொன்னேன் அல்லவா, நீயும் கோபப்பட்டுக் குடும்பக் குரூப்பில், தெரியாட்டி தொடாதீங்க மச்சான், அது அப்பாவோட காடி லா, என்று எழுதினாய் அல்லவா. நான் சொன்னது பொய்யாகப் போய்விட்டது. சொல்லும்போது எனக்கு அது பொய் என்று தெரியாது, பிறகு தெரிந்தது, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

நீ கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் பழைய சாகா காடியின் இன்ஜின் பக்கத்தில் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்புகிற கனமான இரும்புதான் மேனிஃபோல்ட், அதை இன்ஜினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை போல்ட்டுகள். வயசான காடி, சூட்டில் துருவேறி ஒரு போல்ட்டு தலை தெறித்து உள்ளேயே முறிந்துகிடந்தது. மெங்லெம்பு வெல்டிங் கடைக்காரர் முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை ஒட்டவைத்துப் பக்குவமாகத் திருகி எடுத்துக் கொடுத்தார். புதுசு போடலாம் என்றால் ஈப்போவில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இல்லை. ஹார்ட்வேர் கடை போல்ட்டு அளவுக்குச் சரியாக வரும், ஆனால் அந்தச் சூட்டில் இளகி நீண்டுவிடும், அதை நான் வேண்டாம் என்றேன். நீ கூட விற்றுத் தொலைங்கப்பா என்றாய். உன் மச்சான்தான் குளோவ் பெக்டரியில் லீவு போட்டுவிட்டு ஆயர் தாவாரிலிருந்து வந்து, வாங்க மாமா பீடோர்ல பழைய காடி வெட்டி விக்கிற கடை இருக்கு, போய்ப் பாக்கலாம், என்று கூட்டிக்கொண்டு போனான். அங்கே கடை முதலாளி தௌகே பால் டின் பால் டின்னாகப் பழைய போல்ட்டுகளைக் கொட்டி வைத்திருந்தார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன், என் தோள்பட்டை வலி உனக்குத் தெரியும். அவன் தரையில் குந்தி ஒவ்வொன்றாக எடுத்து நட்டைப் போட்டுக் கையாலேயே சுற்றிப் பார்த்து, மரை நல்லதாக இருப்பதை மட்டும் தனியாக எடுத்து வைத்தான். சட்டை முழுக்கக் கரி. திரும்பும்போது தாப்பாவில் நிறுத்தி எனக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான், கறி தண்ணியாக இருக்கிறது என்று நான் அதற்கும் ஒரு குறை சொன்னேன்.

மறுநாள் ஆயுத பூஜை. வருஷா வருஷம் நான் ஸ்பேனர், சுத்தியல், பாராங் கத்தி, அம்மாவின் தையல் மிஷின், காடி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருஷம் வாங்கிவந்த போல்ட்டுகளையும் பித்தளைத் தட்டில் அடுக்கி வைத்தேன். இவ்வளவு தேடிக் கிடைத்ததாயிற்றே என்ற சந்தோஷத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் தலை முதல் மரை வரை பூசி மேலே குங்குமமும் வைத்தேன். நான் வேலை பார்த்த தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டர் நெற்றிக்கு வைப்போம், ஸ்பேனர் பிடிக்கு வைப்போம், மரைக்குள் யாரும் வைத்ததில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்த நாள் மாட்டும்போது விக்னேஸ்வரன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மாமா இத கொஞ்சம் தொடச்சிட்டுப் போடவா, மரையில காஞ்சி போயிருக்கு, என்று மரியாதையாகத்தான் கேட்டான். சாமிக்கு வெச்சத தொடைக்கிறவன் என் காடிய தொட வேணாம் என்றேன். அவன் துடைக்காமல் அப்படியே மாட்டினான். நான் சொன்ன மாதிரியே நடு போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டு போனான், ஸ்பேனர் இனி நகராது என்கிற இடம் வந்தது, நானும் ஒருமுறை கைவைத்துப் பார்த்துப் போதும் என்றேன். போல்ட்டு மேனிஃபோல்ட்டைப் பிடிக்கவே இல்லை தம்பி, காய்ந்த சந்தனம் போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் நான், டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுத் தலைநரைத்தவன்.

தாப்பாவில் கல்யாணம் என்று எல்லோருமாக அந்தக் காடியில்தான் போனோம். கோப்பேங் தாண்டும்போதே டப் டப் என்று ஆரம்பித்தது, மண்டபத்துக்குள் நுழையும்போது உள்ளே வாசித்த மேளத்தையே மீறிக் கேட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இறங்கினதும் இறங்காததுமாக, ஒரு போல்ட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு என் மகள கட்டிக் குடுத்தேன் பாரு, என்று கத்திவிட்டேன். சம்பந்தியம்மா தாம்பாளத்தோடு அங்கேயே நின்றார்கள். பிரமிளா வயிற்றில் ஒரு கையும் காடிக் கதவில் ஒரு கையுமாக என்னைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் பானெட்டைத் திறந்தான். வீட்டுக்கு வந்த கையோடு உனக்குப் போன் போட்டேன், மீதி உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். அடுத்த ஞாயிறு அவன் மட்டும் தனியாக வந்தான். இவ்வளவு பேசியும் வந்தான் பார். போல்ட்டுகள் விரலாலேயே கழன்று வந்தன. மரையெல்லாம் கருகிய சந்தனம், ஒன்றில் தலைக்குக் கீழே இன்னும் மஞ்சளாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் அவற்றை மண்ணெண்ணெயில் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைக்குள்ளேயும் சுத்தம் பண்ணி, இடையில் புது காஸ்கெட் தகடு வைத்து மறுபடி மாட்டினான். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து என்னப்பா கோளாறு என்று கேட்டாள். நான்தான் அத்தை, சரியா முடுக்கல, என்றான். நான் பக்கத்தில் இருந்தேன் தனேஷ். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன், குடித்துவிட்டு, இனிமேலாச்சும் பாத்துச் செய், என்று வேறு சொன்னேன். சரிங்க மாமா என்றான். எனக்கு இத்தனை வயசில் இப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

பெண்டாட்டியிடமும் அவன் அதையேதான் சொல்லியிருக்கிறான். பிரமிளா என்னிடம் போனில், அவர் தப்பாவே முடுக்கியிருக்கட்டும்பா, அவங்க அம்மா முன்னாடி அந்தப் பேச்சு பேசலாமா, என் புருஷன் தல குனிஞ்சி நொழையிற வீட்டுக்கு நான் புள்ள பெத்துக்க வரமாட்டேன், என்றாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது காடி சத்தமே இல்லாமல் ஓடுகிறது, அந்த அமைதிதான் எனக்கு ஆகவில்லை, சாவியைத் தொடவே பிடிக்கவில்லை. அவன்மேல் எனக்கு அப்படி என்ன கடுப்பு என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, உன்னைக் குறை சொல்லவில்லை. அவன் என் காடியின் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் நீ நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறான் என்று எனக்கு எரிகிறது. அவன் என்ன செய்தாலும் அது நீ செய்ததாக இல்லை. அதற்கு அவன் என்ன பண்ணுவான் பாவம்.

இந்தக் கடிதத்தை எதற்கு ஆரம்பித்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நீ மச்சானுக்குப் போன் போட்டுச் சமாதானமாகப் பேசு, அப்படியே எல்லாம் அடங்கிவிடும், நான் வாயைத் திறக்காமலே ஆகிவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். மேலே ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன் பார், அது இந்த எண்ணம்தான். எழுத எழுத எனக்கே அசிங்கமாக இருந்தது. நீ குரூப்பில் போட்டதை அழிக்காதே, அங்கேயே கிடக்கட்டும். இதை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன், பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அதே குரூப்பில் உன் பேச்சுக்குக் கீழே போடப் போகிறேன். சம்பந்தியம்மாவும் அதில் இருக்கிறார்கள், இருக்கட்டும். நான் கத்தினது மண்டபத்து வாசலில், மன்னிப்பை மட்டும் மூலையில் கேட்டால் அது மன்னிப்பு இல்லை. எரிகிறது என்று எழுதினதையும் எல்லோரும் படிக்கட்டும். வளைகாப்பில் உன் தங்கை கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள், அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பதற்கு எனக்கு இப்போதே கூச்சமாக இருக்கிறது.

இது மறுநாள் காலையில் எழுதுகிற மீதி. ராத்திரி படித்துக் காட்டினேன், அம்மா எழுந்துபோய் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். படங்களைப் போட்டேன். பிறகு சம்பந்தியம்மா கைகூப்புகிற படம் ஒன்று போட்டார்கள். உன் மச்சான் குரூப்பில் எழுதவில்லை, எனக்குத் தனியாக அனுப்பியிருந்தான். மாமா, போல்ட்டு சூடு ஏறி ஆறினதும் ஒருக்கா முடுக்கிப் பாக்கணும், வளைகாப்பு அன்னிக்கு நானே பாத்துடுறேன், நீங்க வர்றப்ப காடி பின்னால எடம் வெச்சிட்டு வாங்க, பிரமிளாவோட பை ரெண்டு இருக்கு, என்று. அதை அம்மாவிடம் காட்டினேன். அவள் கொக்கியில் தொட்டில் துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே வந்து காடியின் பின்பக்கத்தைக் காலி பண்ணினேன், கண்ணீர் மறைத்ததில் எதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்காதே. உன் காடிக்கு எண்ணெய் மாற்றும் நாள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள். இந்தத் தாள்களையும் தபாலில் போடுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள், நான் மறுபடி வாயை விட்டால் எடுத்துக் காட்டு. மச்சானுக்கு நீ என்ன எழுதினாலும் அப்பா சொன்னதால் எழுதுகிறேன் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாயாண்டி
புந்தோங், ஈப்போ